மின் ரம்பம்: பிளக் செருகும் முன்னும் கழற்றிய பின்னும்

பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பில் ஒரு மின் ரம்பம் இருக்கிறது. இரவல் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். மிஷினை வாங்கியதும் பிளக்கைத் தேடிச் செருகுவார்கள். அப்புறம் செயின் தொளதொளவென்று இருப்பதைப் பார்த்து, செருகியது செருகியபடியே விரலால் இழுத்துப் பார்ப்பார்கள். பெட்ரோல் மிஷின் ஓடும்போது உறுமிக்கொண்டே இருக்கும், கிட்டே போகவே கை கூசும். இது பிளக்கில் இருந்தாலும் சத்தமில்லாமல் கிடக்கும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையில் பிளக் ஏழாவது இடத்தில்தான் வருகிறது.

இங்கே சொல்வது 2000 வாட் அளவுள்ள, 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) கொண்ட சாதாரண மின் சங்கிலி ரம்பத்துக்கு. விழுந்த மரம், கழித்த கிளை, விறகு, இவற்றைத் துண்டு போடுவதற்கு மட்டும். நிற்கிற மரத்தைச் சாய்ப்பது வேறு வேலை. அதைத் தெரிந்த ஆளிடம் கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள், படித்துச் செய்யாதீர்கள்.

1. கையருகே இருக்க வேண்டியவை

மிஷினோடு வந்த பெட்டிச் சாவி (பாக்ஸ் ஸ்பேனர்), செயின் ஆயில், பழைய பிரஷ், செயினுக்கு ஏற்ற உருளை அரம், இரண்டு மர ஆப்பு, முட்டுக் கொடுக்க நாலைந்து கட்டை. ஆப்பு மரத்தில்தான் இருக்க வேண்டும். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் ஒரு நொடியில் பல் போய்விடும்.

சுத்தமான துணியும் கட்டுத்துணியும் ஒரு பையில் இருக்கட்டும். கூட ஓர் ஆள் இருப்பது அதைவிட முக்கியம். தோப்புக்குள் தனியாக இந்த மிஷினை ஓட்ட வேண்டாம். அடிபட்டால் 108-க்குக் கூப்பிடவும், அதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஆளுக்குப் பிளக் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே காட்டிவிடுங்கள்.

2. கரன்ட் எங்கிருந்து, எந்த ஒயரில்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2000 வாட் மிஷின் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் ஃபேன், செல்போன் சார்ஜருக்கு வைத்திருக்கும் சின்ன 6 ஆம்பியர் பாயின்ட் இதற்குப் போதாது. கிரைண்டர், ஹீட்டர் போடுகிற பெரிய 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் எடுக்க வேண்டும். மிஷினோடு வந்த பிளக் நம் பாயின்ட்டில் இறுக்கமாக உட்காரவில்லை என்றால் அழுத்திச் செருகி ஒப்பேற்றாதீர்கள், எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றுங்கள். லூஸ் பிளக் பொறி விட்டே பாயின்ட்டை உருக்கிவிடும்.

கொட்டகையில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதிலிருந்து இரண்டு ஒயர் இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச இணைப்பை வேறு வேலைக்கு எடுப்பது விதிமீறல். அதைவிடப் பெரிய ஆபத்து, அங்கே வருவது மூன்று ஃபேஸ். ஃபேஸும் நியூட்ரலும் என்று நினைத்து இரண்டு ஃபேஸில் மாட்டினால் 415 வோல்ட் ஏறும். மிஷின் ஓர் அலறல் அலறிவிட்டுப் புகைந்துவிடும். பக்கத்து ஊரில் ஒருவர் புது மிஷினை இப்படித்தான் முதல் நாளிலேயே எரித்தார்.

ஒயரின் தடிமனுக்கு வருவோம். பந்தல்காரர் போடுகிற மெல்லிய ஒயரில் இந்த மிஷினை ஓட்டினால் வழியிலேயே வோல்ட்டேஜ் கரையும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 50 மீட்டருக்கு இழுத்தால் ஏறக்குறைய 15 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதே தூரத்துக்கு 6 வோல்ட்தான் போகும். நடவுக் காலத்தில் ஊரில் எல்லா மோட்டாரும் ஓடும்போது வீட்டுக்கு வருவதே குறைந்த வோல்ட்டேஜ். அதிலும் குறைந்தால் மோட்டார் திணறும், சூடேறும், கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கும் கரித்துண்டு) தீயும். 25 மீட்டர் வரை 1.5, அதற்கு மேல் 50 மீட்டர் வரை 2.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டரைத் தாண்டினால் ஒயரை நீட்டாதீர்கள், மரத்தை வீட்டுப் பக்கம் இழுத்து வாருங்கள்.

சுருளாகச் சுற்றிய ஒயரை முழுக்கப் பிரித்துப் போட்ட பிறகே ஓட்டுங்கள். சுற்றியபடியே விட்டால் உள் சுற்றில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

பாயின்ட்டுக்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது கரன்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்க வேண்டும். நம் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் அதை இ.எல்.சி.பி. என்பார்கள். ஃபியூஸ் ஒயரைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஓர் ஆளின் உயிரை எடுக்கத் தேவையான கரன்ட் எந்த ஃபியூஸையும் உருக்காது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை வேலைக்கு முன் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டக்கென்று விழவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. மிஷினில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, அதற்கு எர்த் பின் கிடையாது. ஆனாலும் வெட்டுப்பட்ட ஒயர் ஈரத்தில் கிடந்தால் அந்தக் குறி ஒன்றும் செய்யாது, ஆர்.சி.சி.பி. வேண்டும்தான்.

மிஷின் ஒயரும் எக்ஸ்டென்ஷன் ஒயரும் சேரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள், இழுபட்டுக் கழலாது. அந்த இணைப்பு தரையில் கிடக்கக் கூடாது. ஒரு மூங்கிலை நட்டு அதில் தொங்க விடுங்கள். நம் மண்ணில் பாசனம் வைத்து இரண்டு நாள் ஆனாலும் மேலே காய்ந்தாற்போல் இருக்கும், கால் வைத்தால் உள்ளே ஈரம். தண்ணீர் நிற்கும் பாத்தியிலும் தூறல் நேரத்திலும் மின் ரம்பம் கூடவே கூடாது.

3. உடுப்பு

வேட்டி, கைலி, தோளில் துண்டு, தொங்குகிற முந்தானை, கழுத்துச் சங்கிலி எதுவும் ஆகாது. செயின் துணியைப் பிடித்தால் அறுக்காது, சுருட்டி உள்ளே இழுக்கும், துணியோடு உங்களையும். கெட்டியான பேன்ட், கை மூடிய சட்டை, விரல் தெரியாத ஷூ, கண்ணாடி, காதுக்கு அடைப்பான். செருப்புக் காலோடு வருகிறவருக்கு நான் மிஷின் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

4. செயினை மாட்டி இறுக்குவது

பாரின் மேல் பக்கத்தில் உள்ள வெட்டுப் பற்கள் நுனியை நோக்கிப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு, "மிஷின் புகையுது, அறுக்க மாட்டேங்குதுண்ணே" என்று வருகிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது உண்டு.

பாரைப் பிடித்திருக்கும் பக்க மூடியின் நட்டைக் கையால் மட்டும் பிடித்து வைத்து, பாரின் நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடி இறுக்கும் திருகைத் திருகுங்கள். தூக்காமல் இறுக்கினால் அறுக்கும்போது பார் ஆடி மேலே போகும், செயின் தளர்ந்துவிடும். செயின் பாரின் அடியில் தொங்காமல் ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் பிடித்து இழுத்தால் மூன்று நான்கு மில்லிமீட்டர் எழும்ப வேண்டும், ஆனால் செயினின் உள்பல் பாரின் பள்ளத்தை விட்டு வெளியே வரக் கூடாது. கையுறை போட்ட கையால் சுற்றினால் தடையில்லாமல் ஓட வேண்டும். பிறகு நுனியைத் தூக்கியபடியே நட்டை முறுக்குங்கள்.

புதுச் செயின் முதல் அரை மணி நேரத்தில் நீளும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு, சரிபாருங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். ஆறும்போது செயின் சுருங்கும். தளர்த்தாமல் விட்டால் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) பேரிங்கை இழுத்துக் கெடுக்கும்.

5. எண்ணெய்

இந்த மிஷினில் மோட்டாருக்கு எண்ணெய் கிடையாது, செயினுக்குத்தான். தொட்டி காலியானாலும் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் யாருக்கும் தெரியாது. பார் நீலம் பாய்ந்த பிறகு கண்டுபிடிப்பார்கள்.

ஒர்க் ஷாப்பில் சும்மா கிடைக்கிற கழிவு ஆயிலை ஊற்ற வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, பள்ளத்தை அரம் போல ராவும். அறுக்கும்போது அது தூவி விழுவதும் நம் தோப்பு மண்ணில்தான். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்கிறார்கள், இங்கே அது தாராளம் என்பதால். ஒருநாள் ஓட்டலாம். அப்படியே வைத்துவிட்டால் தாவர எண்ணெய் பிசினாகிச் செயினைப் பாரோடு ஒட்டிவிடும். அன்றைக்கே துடைத்துக் கழுவுவதாக இருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

எண்ணெய் வருகிறதா என்று பார்க்க ஒரு வழி: மிஷினை ஓட விட்டு, பாரின் நுனியைச் செய்தித்தாளுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் சில விநாடி பிடியுங்கள். எண்ணெய்க் கோடு விழுந்தால் சரி. விழாவிட்டால் பாரில் உள்ள எண்ணெய்த் துளை தூளால் அடைத்திருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பிளக் வேண்டும் என்பதால், இதை ஏழாம் படியில் முதல் வேலையாகச் செய்யுங்கள்.

6. மரத்தைப் பாருங்கள்

ஒரு சுற்று நடந்து பார்க்காமல் பாரை வைக்காதீர்கள்.

மரம் மின்கம்பியில் சாய்ந்திருந்தாலோ, அடியில் கம்பி அறுந்து கிடந்தாலோ, கிட்டே போகாதீர்கள். கரன்ட் இல்லையே என்று நம்பாதீர்கள், எந்த நேரத்திலும் வரலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987-க்குச் சொல்லிவிட்டு, கம்பியை அவர்கள் எடுத்த பிறகு வாருங்கள்.

விழுந்து பல நாள் ஆன மரமென்றால் முதலில் ஒரு கோலால் தட்டுங்கள். மட்டைக் குவியலுக்கு அடியில் கட்டுவிரியன் படுத்திருக்கும்.

அடுத்தது ஆணி. எலி ஏறாமல் இருக்கத் தென்னையில் தகரம் சுற்றியிருப்போம், அந்த ஆணிகள் உள்ளேயே இருக்கும். வேலியோரப் பூவரசில் முள்கம்பி மரத்துக்குள் புதைந்திருக்கும். சாலையோர மரத்தில் விளம்பரத் தட்டி அடித்த ஆணி. சந்தேகமான இடத்தை விட்டு ஓர் அடி தள்ளி அறுங்கள். சேறு ஒட்டிய பட்டையைச் சுரண்டிவிடுங்கள். மணல் நாலு சுற்றில் செயினை மழுக்கும். படுகை மரங்களில் பட்டை இடுக்கெல்லாம் மணல்தான்.

இனி முக்கியமானது. கிடக்கும் மரத்தில் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், எதிர்ப்பக்கம் இழுபட்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் அறுத்தால் பார் நசுங்கும், அல்லது மரம் தெறித்து அடிக்கும்.

வாய்க்காலுக்குக் குறுக்கே, இரு கரையிலும் தங்கிக் கிடக்கிற மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தொய்ந்திருப்பதால் மேல்பக்கம் அமுக்கம், அடிப்பக்கம் இழுப்பு. முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள், பிறகு அடியிலிருந்து மேலே வந்து முடியுங்கள். மேலிருந்தே முழுக்க அறுத்தால் வெட்டு வாய் மூடி பாரைக் கவ்விக்கொள்ளும். கால் வாய்க்கால் தண்ணீரில் இருக்கும்படி நிற்க வேண்டியிருந்தால் இந்த மரம் மின் ரம்பத்துக்கு உரியதல்ல.

ஒரு முனை மட்டும் தங்கி, மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு தலைகீழ். மேல்பக்கம் இழுப்பு. முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. இதை மாற்றிச் செய்தால் மரம் நீளவாக்கில் பிளந்து முகத்துக்கு வரும்.

முழுக்கத் தரையில் படிந்து கிடந்தால் மேலிருந்து முக்கால் ஆழம் அறுத்து, மரத்தைப் புரட்டி மீதியை அறுங்கள். ஒரே மூச்சில் அறுத்தால் செயின் மண்ணைத் தின்னும்.

வேரோடு பிடுங்கிக்கொண்டு விழுந்த மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேரும் மண்ணும் சேர்ந்த திட்டு சுவர் மாதிரி நிற்கும், மரத்தின் பாரம்தான் அதைச் சாய்த்துப் பிடித்திருக்கும். தண்டை அறுத்து பாரம் போனதும் அந்தத் திட்டு குழிக்குள் திரும்பி உட்காரும், அடிமரத்தையும் தூக்கிக்கொண்டு. குழியில் யாரும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் அங்கேதான் விளையாடும், முதலில் விரட்டுங்கள். வேர்ப்பக்கத்து வெட்டை ஜே.சி.பி. திட்டைப் பிடித்திருக்கும்போதுதான் போட வேண்டும். அதுவரை தள்ளி, நடுமரத்தையும் தலைப்பக்கத்தையும் மட்டும் எடுங்கள். தண்டின் பாரம் குறையக் குறையத் திட்டு தானாகவும் எழும்பலாம் என்பதால் வேர்ப்பக்கத்தில் ஆறேழு அடிக்கு மேல் அறுக்காமல் விட்டுவிடுங்கள்.

7. பிளக், பிறகு முதல் அறுப்பு

இப்போது செருகலாம். அதற்கு முன் சுவிட்ச் விட்ட நிலையில் இருக்கிறதா, முன்பக்க பிரேக் தகடு வேலை செய்கிறதா என்று பாருங்கள். தகட்டை முன்னே தள்ளினால் செயின் பூட்டிக்கொள்ளும், உங்கள் பக்கம் இழுத்தால் விடும்.

வலது கை பின் பிடியில், இடது கை முன் பிடியில். இடது கட்டைவிரல் பிடியைச் சுற்றி அடியில் வர வேண்டும். மற்ற விரல்களோடு மேலே வைத்திருந்தால் மிஷின் எகிறும்போது கை கழன்றுவிடும். இடதுகைக்காரர்களும் இப்படித்தான் பிடிக்க வேண்டும். பாருக்கு நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். எகிறினால் பாரின் நேர்கோட்டில் தலை இருக்காது. ஒயர் வலது தோள் பின்னால் போகட்டும்.

செயின் முழு வேகம் பிடித்த பிறகு மரத்தைத் தொடுங்கள். மரத்தில் வைத்துவிட்டு சுவிட்சை அமுக்கினால் முதல் பல்லே கடித்து இழுக்கும். மிஷினின் மூக்கில் உள்ள முள்தகட்டை மரத்தில் ஊன்றி, அதையே அச்சாக வைத்து பாரை இறக்குங்கள். அமுக்காதீர்கள். கூர்மையான செயினுக்கு மிஷினின் எடையே போதும். அமுக்க வேண்டியிருந்தால் அறுப்பதை நிறுத்திவிட்டு அரத்தை எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

பாரின் அடிப்பக்கத்தால் அறுக்கும்போது மிஷின் முன்னே இழுக்கும். மேல்பக்கத்தால் அறுக்கும்போது உங்களை நோக்கித் தள்ளும். அடியிலிருந்து வெட்டும்போது இதை எதிர்பார்த்துக் காலை ஊன்றிக்கொள்ளுங்கள். முடியும் தறுவாயில் பிடியை லேசாக்குங்கள், இல்லையென்றால் மரம் விட்டதும் பார் நேரே முழங்காலுக்கு வரும்.

ஒருவர் கட்டையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் அறுப்பது, காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது, ஏணியில் நின்று அறுப்பது, தோளுக்கு மேல் தூக்கி அறுப்பது, நான்கும் கூடாது. கட்டையைப் பெருக்கல் குறி போல் அடித்த சட்டத்தில் வைத்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

8. எகிறல்

பாரின் நுனியில் மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால் மிஷின் கண்ணிமைக்கும் முன் மேலே எகிறி முகத்துக்குத் திரும்பும். தெரியாமல் பின்னால் இருக்கிற இன்னொரு கிளையில் நுனி முட்டும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கிறது. அதனால் அறுக்கும் இடத்தைவிட நுனி எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். நுனியால் குத்தித் துளைப்பது கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். கிளைக் குவியலுக்குள் பாரை விடாதீர்கள், கிளைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டு அறுங்கள்.

9. தென்னைக்கு மட்டும்

வேம்பையும் பூவரசையும் அறுத்துப் பழகிய கை தென்னையில் ஏமாறும். மற்ற மரங்களில் வயிரம் உள்ளே, தென்னையில் வெளிச்சுற்றில். முதல் இரண்டு அங்குலம் இரும்பு மாதிரி நிற்கும், நடுவில் சோறு மாதிரி இறங்கும், மறுபடியும் இரும்பு. நடுவில் திடீரென்று பார் இறங்கும்போது தடுமாறாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பனை, தென்னை இனத்து நாரில் மணல் போன்ற சிலிக்கா துகள் இருக்கிறது. அதனால் செயின் சீக்கிரம் மழுங்கும். பத்து வேப்பங்கிளைக்கு ஒருமுறை அரம் போட்டால், தென்னையில் இரண்டு மூன்று துண்டுக்கே போட வேண்டியிருக்கலாம். நார் நீள நீளமாக உரிந்து ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிக்கொள்ளும். சத்தம் மாறினால் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து பிடுங்கி எடுங்கள். முதிர்ந்த அடிமரத்தை மின் ரம்பத்தால் அறுப்பது என்னைக் கேட்டால் மிஷினுக்குச் செய்கிற துரோகம். அதற்குப் பெட்ரோல் மிஷின் வாடகைக்கு எடுப்பது மலிவு.

10. நடுவில் நின்றுபோனால்

பார் மாட்டிக்கொண்டால் ஓட விட்டபடி ஆட்டி இழுக்காதீர்கள். சுவிட்சை விட்டு, பிளக்கைக் கழற்றி, வெட்டு வாயில் மர ஆப்பை அடித்துத் திறந்து எடுங்கள்.

கரன்ட் போய்விட்டால் விரலை உடனே எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். விரல் எடுத்தால் நிற்கும் சுவிட்சைக் கயிற்றாலோ ரப்பராலோ கட்டி வைக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது, விரல் வலிக்கிறதாம். அப்படிக் கட்டிய மிஷின், கரன்ட் திரும்பி வந்ததும் திண்ணையில் கிடந்தபடியே ஓடத் தொடங்கியதை நானே பார்த்தேன். நல்லவேளை, பக்கத்தில் ஆட்டுக்குட்டிகூட இல்லை.

மோட்டாரில் காந்தல் வாடை அடித்தால் பத்து நிமிடம் ஆற விடுங்கள். காற்றுத் துளைகளில் தூள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வட்டமாகப் பொறி பறந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அதில் உள்ள இரண்டு கார்பன் பிரஷையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

11. அரம் போடுவது

செயின் கூர்மையாக இருந்தால் செதில் செதிலாக விழும். மாவு போல விழுந்தால் மழுங்கிவிட்டது. இந்த ஓர் அடையாளம் போதும்.

16 அங்குல மின் ரம்பங்களில் பெரும்பாலும் வருவது எட்டில் மூன்று அங்குலப் பிட்ச் (கண்ணி இடைவெளி) கொண்ட தாழ்ந்த பல் செயின். அதற்கு 4 மில்லிமீட்டர் உருளை அரம். செயின் பொட்டலத்தில் அளவு போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். தடித்த அரம் பல்லின் வளைவைக் கெடுக்கும், மெல்லியது அடியைத் தோண்டும்.

பிளக்கைக் கழற்றி, பாரை ஒரு மரத்துண்டில் போட்ட பிளவில் இறுக்கி நிறுத்துங்கள். மிகத் தேய்ந்த பல்லில் தொடங்குங்கள், மற்ற எல்லாப் பல்லும் அதன் அளவுக்கு வர வேண்டும். பல்லின் மேலுள்ள சாய்ந்த கோட்டைப் பார்த்து, 30 பாகைச் சாய்வில், அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லுக்கு மேலே தெரியும்படி பிடித்து, உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். திரும்பும்போது தூக்கிவிடுங்கள். இழுக்கும் திசையில் ராவினால் அரமும் கெடும், முனையும் கெடும். பல்லுக்கு மூன்று நான்கு தள்ளு. எல்லாப் பல்லுக்கும் அதே எண்ணிக்கை. ஒரு பக்கத்துப் பற்களை முடித்த பிறகு மறுபக்கம்.

வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் நன்றாக விழும், மறுபக்கம் மேலோட்டமாக விழும். விளைவு, மிஷின் பிறை மாதிரி வளைந்து அறுக்கும். "பார் கோணிப்போச்சு" என்று கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் பார் கோணவில்லை, ஒரு பக்கப் பல் குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான்.

நாலைந்து முறை அரம் போட்ட பிறகு, ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள திமிலையும் தட்டை அரத்தால் குறைக்க வேண்டும். பல்லைவிட அது 0.65 மில்லிமீட்டர் அளவு தாழ்ந்திருந்தால் போதும். கண்ணளவில் அதிகமாக ராவிவிட்டால் பல் ஆழமாகக் கடித்து மிஷின் எகிறும். இதற்கென்று சின்னத் தகட்டு அளவுகோல் விற்கிறது, அதை வைத்தே செய்யுங்கள்.

12. வேலை முடிந்ததும்

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகுதான் மூடி. உள்ளே எண்ணெயோடு சேர்ந்த தூள் களி மாதிரி அப்பியிருக்கும், பிரஷால் எடுங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாள் கல்லாகிவிடும். பாரின் பள்ளத்தை மெல்லிய தகட்டால் நுனிவரை வழித்து, எண்ணெய்த் துளையைக் குச்சியால் திறங்கள். திரும்ப மாட்டும்போது பாரைப் புரட்டி மாட்டுங்கள், இரு விளிம்பும் சமமாகத் தேயும். விளிம்பில் பிசிர் எழும்பியிருந்தால் தட்டை அரத்தால் சமன் செய்யுங்கள். ஸ்ப்ராக்கெட்டில் செயின் பதிந்த தடம் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆழமானால் மாற்றுங்கள். பழைய ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைக் கொல்லும்.

மிஷினைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். காய்ந்த துணி போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் தொட்டி எண்ணெயை வடித்துவிடுங்கள், இல்லையேல் கசிந்து பரண் முழுக்க ஓடும். செயினைக் கழற்றி, எண்ணெயில் புரட்டி ஒரு டப்பாவில் போடுங்கள். பாருக்கு உறை. மாட்டுக்கொட்டகையில் வைக்க வேண்டாம், அங்கே ஈரமும் எலியும் அதிகம். வைக்கோல் போரில் பழகிய எலிக்கு ஒயரின் ரப்பர் உறை மேல் என்னவோ பிரியம். உயரத்தில் ஆணியில் மாட்டி, ஒயரைச் சுருட்டிப் பையில் கட்டித் தொங்க விடுங்கள். தை மாதம் எடுக்கும்போது ஒயரைக் கை விரல்களுக்கு நடுவே விட்டு முழு நீளத்தையும் தடவிப் பாருங்கள். ஒரு கடிவாய் தட்டுப்பட்டாலும் டேப் சுற்றாமல், ஒயரையே மாற்றுங்கள்.